வாய்க்குள் அடங்காதவை

பிளான்ஸ்கோ, சுண்ணாம்புக் குகைகளின் ஊர்.
குழாயைத் திறந்தால் பாதி மலை வரும்.
மருத்துவமனையின் இரண்டாம் மாடியில்
ரத்தம் கழுவும் இயந்திரங்களுக்கு
அந்த மலையை வடித்தெடுத்துவிட்டு
வெறும் தண்ணீர் தருவது என் வேலை.
மீன் என் வேலையில் சேராது.

தொட்டி வந்தது செப்டம்பரில்.
திரும்பி வராத ஒருவரின் மகன்
தூக்கமுடியாமல் தூக்கி வந்து வைத்தான்,
இருநூறு லிட்டர்,
கண்ணாடியில் பழைய நீர்மட்டத்தின் வெள்ளைக் கோடு.

தலைமைச் செவிலி வ்லஸ்தா அழகு பார்த்து வாங்கினாள்:
நியான் டெட்ரா இருபது,
சில்லறைக் காசளவில் ஏஞ்சல் இரண்டு.
கிறிஸ்துமஸுக்குள் காசு உள்ளங்கையாயிற்று.
நியான் பதினொன்று.
ஒரு பிணம்கூட மிதக்கவில்லை.
"ராத்திரியில் எங்கேதான் போகின்றன?"
எங்கும் போகவில்லை என்றேன்,
இதே தொட்டியில்தான் இருக்கின்றன,
கொஞ்சம் உள்ளே.

அன்றிலிருந்து பொருத்தம் பார்ப்பது என் தலையில்.

நாலு மணி நேரம், வாரம் மூன்று நாள்,
கையில் இரண்டு ஊசியோடு சாய்ந்திருப்பவர்களுக்கு
அபிப்பிராயங்கள் நிறைய.
மூன்றாம் நாற்காலி த்ரஹோமீரா,
முப்பது வருடம் பேருந்து ஓட்டியவள்,
விசிறிவால் கப்பி வேண்டும் என்றாள்.
நாலாம் நாற்காலி ஒத்தகார்,
வார்ப்பாலையில் காதைத் தொலைத்தவர்,
டைகர் பார்ப் கேட்டார்: "அந்தக் கோடு போட்ட ரவுடிகள்."
ரவுடி வாலைக் கடிக்கும் என்றேன்.
"வால் அவ்வளவு நீளம் எதற்கு?" என்றார்
அவளைப் பார்த்து.

கப்பிக்கு மலை கரைந்த தண்ணீர் பிடிக்கும்.
நியானுக்கு மழை போன்றது.
நான் நியான் பக்கம் சாய்ந்தேன்,
மழை என்னிடம் பீப்பாய் பீப்பாயாய் இருந்ததால்.
குழாய் நீர் ஒரு பங்கு, இயந்திர நீர் மூன்று பங்கு:
ஒத்தகாரின் ரத்தமும் மீன்களும்
ஒரே வடிகட்டிக்குக் கடன்பட்டன.

ஜனவரி, வெளியே மைனஸ் பதினொன்று.
இரண்டு ஏஞ்சலையும் தனித்தனிப் பையில் கட்டி
கோட்டுக்குள், சட்டைக்கும் உள்ளே வைத்து
பிர்னோவுக்கு ரயில் ஏறினேன்.
வயிற்றில் துடுப்பு உரசியது.
கொலைகாரர்கள் என்று நினைக்க முடியவில்லை.
வாய் வளர்ந்தது, அவ்வளவுதான்.
கடைக்காரர் அவற்றை எடுத்துக்கொண்டு
ஆறு கோரிடோரஸ் தந்தார்.
"ஆறுக்குக் குறைந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும்.
மணல் போடுங்கள், கல் மீசையைத் தேய்த்துவிடும்."

அடியில் மணல் சலிக்கும் ஆறு.
நடுவில் நீலக்கோடு பதினொன்று.
மேலே, பிப்ரவரிச் சம்பளத்தில்,
கோடாரி மீன் ஐந்து.
மூடி கட்டாயம்,
பயந்தால் பறக்கும், பயப்படக் காரணம் தேடாது.
யாருடைய மாடிக்கும் யாரும் வருவதில்லை.

அதே மாதம் வானொலிச் சண்டை.
அவளுக்குப் பித்தளை வாத்தியம்,
அவருக்கு ஐஸ் ஹாக்கி, காது கேட்காத சத்தத்தில்.
வ்லஸ்தா என்னிடம் கற்ற பாடத்தை எடுத்தாள்,
ஒத்தகாரைக் கடைசி அறைக்கு மாற்றினாள்.

அமைதி.
மூன்றாம் நாற்காலி ஹாக்கி இல்லாத வானொலியை
இரண்டாம் வாரமே நிறுத்தச் சொன்னது.
சாண்ட்விச்சைப் பாதியில் வைத்தது.
மூன்றாம் வாரம், ஊசி குத்தும்போது,
சுவரைப் பார்த்துக்கொண்டு:
"அந்த மனுஷனை எங்கே கொண்டுபோய் ஊற்றினீர்கள்?"

இதற்கு என்னிடம் அட்டவணை இல்லை.
வாயளவு தெரியும், வால் நீளம் தெரியும்,
தண்ணீரின் கடினம் சொட்டு எண்ணிச் சொல்வேன்.

திங்கட்கிழமை நாலாம் நாற்காலியில் ஒத்தகார்.
உட்காருவதற்குள் ஆரம்பித்துவிட்டார்கள்.
இரண்டு பேருக்கும் ரத்த அழுத்தம் பத்து கூடியிருந்தது.
வ்லஸ்தா குறித்துக்கொண்டாள்,
யாரையும் நகர்த்தவில்லை.

ராத்திரி இயந்திரங்களைக் கழுவி முடித்து
தொட்டி விளக்கை அணைக்கும் முன்
குனிந்து எண்ணுகிறேன்.
ஒன்று எப்போதும் செடிக்குப் பின்னால் நிற்கும்,
முதலிலிருந்து எண்ண வைக்கும்.
பத்து.
பத்து.
இதோ.